"நம்ம ஆளுங்க அனுப்புறதுதானே"

பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்ப, ஜிப்பிலிருந்து டாருக்கு மாறச் சொன்னபோது, எங்கள் டீமில் இருந்த அவள் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணா, டார்ல பர்மிஷன் அப்படியே வரும்னா, வெளியிலேர்ந்து வர்ற டார்லயும் அப்படியேதான் வருமா?"

"நம்ம ஆளுங்க அனுப்புறதுதானே, விடு" என்றேன்.

அன்றைக்கு எனக்கு வேறு தலைவலி. ஜிப்பில் வந்த ஸ்கிரிப்ட் ஒன்றும் ஓடவில்லை; ஃபைலை ஓட்டுவதற்கான எக்ஸிக்யூட் பர்மிஷன் போயிருந்தது. ஜிப்பிலும் யூனிக்ஸ் பர்மிஷனை எழுதி வைக்க இடம் உண்டு. ஆனால் நாங்கள் பிரிக்கப் பயன்படுத்திய பைத்தானின் ஜிப்ஃபைல் அதைக் கண்டுகொள்ளாது. அவசரத்துக்கு எல்லாவற்றுக்கும் 777, அதாவது யாரும் படிக்கலாம், மாற்றலாம், ஓட்டலாம் என்று போட ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு டார் எவ்வளவோ மேல் என்று மாற்றச் சொன்னேன். அது தப்பான முடிவு என்று இப்போதும் நினைக்கவில்லை.

ஆனால் பிரிக்கும் வேலை, எல்லா அதிகாரமும் உள்ள யூசரான ரூட்டில் ஓடியது. எனக்கு அது தெரியும். சாதாரண யூசராகப் பிரித்தால் ஃபைல்கள் பிரிப்பவர் பெயரில்தான் விழும். ரூட்டாகப் பிரித்தால், டாரைக் கட்டியவர் எழுதிய ஓனரும் பர்மிஷனும் அப்படியே வந்துவிடும்.

சில மாதம் கழித்து வேறு எதற்கோ அந்த டைரக்டரியைப் பார்த்தேன். ஒரு பைனரியில், அதாவது ஓடும் புரோகிராமில், ஓனரின் எக்ஸிக்யூட்டைக் குறிக்கும் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ். ஓனர் ரூட். செட்யூஐடி! யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும். வரும் ஃபைல்களைச் சோதிக்கும் ஸ்கேனர் மூச்சு விடவில்லை. அது பார்ப்பது ஃபைலின் உள்ளடக்கத்தை. பர்மிஷன் இருந்ததோ, டாரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் வரும் குறிப்பான ஹெடரில்.

அனுப்பியவர்கள், பில்டில் தவறிப்போய் வந்துவிட்டது என்றார்கள். நம்புகிறேன். யாரும் அதை ஓட்டியதாக லாகிலும் இல்லை. ஆனால் ரூட் கையில் கிடைத்தவன் லாகை விட்டுவைப்பானா?

ஜிப்பிலேயே இருந்திருந்தாலும் பாதுகாப்பு இல்லைதான். எக்ஸ் இல்லாத ஸ்கிரிப்டும் முன்னால் பாஷ் என்று போட்டால் ஓடும். இப்படிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வேன். அப்புறம், பழைய வழியில் அந்த எஸ் வந்தே இருக்காது என்பது நினைவுக்கு வரும்.

இப்போது தனி யூசரில் பிரிக்கிறோம். செட்யூஐடி இருந்தால் டாரையே திருப்பி அனுப்புகிறோம். அதை எழுதியவள் அவள்தான். சம்பவ அறிக்கையை எழுதியவன் நான். "இந்த அபாயத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அவள் முழுவதும் படித்தாள். அந்த வரியைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அப்ரூவ் செய்தாள்.