அக்சியோவுக்குப் புது செற்: ஒரு வயரும் வெட்டாமல்

2025 ஓகஸ்ட் 2, சனி

பற்றரி மாற்றியதிலிருந்து எங்கள் ரொயோட்டா அக்சியோ காரின் ரேடியோ செற் பூட்டிக்கொண்டு நிற்கிறது. திரையில் ஜப்பானிய எழுத்தில் இரகசிய எண் கேட்கிறது. ரொயோட்டாவின் பழைய நவிகேசன் செற்றுகள் சிலவற்றில் இந்தப் பாதுகாப்பு உண்டு. பற்றரி இணைப்பு விட்டுப்போனால், தன்னை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளும். எண்ணைக் கண்டுபிடித்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த வழிக்குப் போகப்போவதில்லை.

பூட்டைத் திறந்தாலும் கையில் இருக்கப்போவது ஜப்பானுக்கென்று செய்த ரேடியோதான். எங்கள் கார் 2007இல் செய்தது. அந்தக் காலத்து ஜப்பானிய எஃப்எம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். இங்கே இலங்கையில் நிலையங்கள் 88இலிருந்து 108 வரை பரந்து கிடக்கின்றன. அதனால்தான் இறக்குமதி வாகனங்களில் ஏரியல் வயருக்கு நடுவில் ஒரு சின்னப் பெட்டி பூட்டுவார்கள். அது நிலையங்களை ஒரேயடியாகக் கீழே இறக்கிக் கொடுக்கும். 20 இறக்கும் பெட்டியென்றால் 103.2இல் இருக்கும் நிலையம் செற்றில் 83.2 என்று காட்டும். ஆனால் செற்றின் ஜன்னல் 14 மெகாஹேர்ட்ஸ் அகலம்தான். 96க்குக் கீழே உள்ளதெல்லாம் வெளியே நின்றுவிடும். வருவதும் இரைச்சலோடுதான் வரும்.

ஏஎம்முக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜப்பானிலும் இங்கேயும் இந்தியாவிலும் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹேர்ட்ஸ்தான். அப்பா பின்னேரங்களில் கேட்கும் திருச்சி வானொலி, 936இல், கடலைத் தாண்டி வந்து சேரும். அவருடைய கேள்வியும் அது ஒன்றுதான்.

"புதுசில திருச்சி வருமோ?"

"வரும் அப்பா. வராத செற்றை வாங்க மாட்டன்."

வாகனத்தையே மாற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி இந்த வருடம் பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு எட்டாத விலை. அக்சியோ இன்னும் நெடுநாள் ஓட வேண்டும்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

ரவுணில் கடைகளைப் பார்த்தேன். எல்லோரும் முதலில் காட்டுவது பெரிய திரை அன்ட்ரொயிட் செற். பார்வைக்கு வடிவுதான். ஆனால் இந்த வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் அவ்வளவு பெரிய திரையும் அதன் பின்னால் ஒரு கணினியும் எத்தனை வருடம் தாங்கும்? ஒலியைக் குறைக்கத் திரையைத் தேடித் தட்டுவதும் எனக்குப் பிடிக்காது. வீதியில் கண்ணை வைத்துக்கொண்டு கையால் திருகக்கூடிய குமிழ் வேண்டும். சாதாரண இரட்டை டின் அளவுச் (கார் செற்றுகளுக்குரிய பொதுவான ஓர் அளவு) செற் ஒன்றை எடுத்தேன். புளூருத், யூஎஸ்பி, குமிழ் எல்லாம் உண்டு.

காசு கொடுக்க முன்னம் கடையிலேயே மின்சாரம் கொடுத்து, செற்றிங்கில் பிராந்தியத்தைப் பார்த்தேன். அமெரிக்க அமைப்பில் இருந்தால் எஃப்எம் 87.9, 88.1 என்று 0.2ஆகத் தாவும். 103.2இல் நிற்கவே நிற்காது. ஏஎம் 10 கிலோஹேர்ட்ஸாகத் தாவும். 930, அப்புறம் 940. திருச்சி நடுவில் விழுந்துவிடும். இந்தச் செற்றில் இரண்டையும் மாற்ற முடிகிறது. செற் வாங்குகிறவர்கள் ஒலிபெருக்கச் சக்தியைக் கேட்க முன்னம் இதைக் கேட்க வேண்டும்.

சக்தி என்றதும் நினைவு வருகிறது. பெட்டியில் '50 வாற் x 4' என்று பெரிதாக அடித்திருக்கிறது. கார் ஓடும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ற், ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ வர்க்கித்து, ஓமின் இரு மடங்கான 8ஆல் வகுத்தால் 26 வாற் கூட வராது. செற்றுக்குள்ளேயே இருக்கும் சாதாரண அம்பிளிபையரால் ஒலி சிதையாமல் அதற்கு மேல் தர வழியில்லை. ஐம்பது என்பது ஒரு கணத்து உச்சம். கதவு ஸ்பீக்கருக்கு இருபது சொச்சம் தாராளம்.

ஓகஸ்ட் 6, புதன்

பூட்டித் தரக் கேட்கலாம் என்று ஓட்டோ எலெக்ரிக் அண்ணை ஒருவரிடம் போனேன். "பழைய பிளக்கை வெட்டிப்போட்டு நேரா முறுக்கி விடுவம் தம்பி, அரை மணித்தியால வேலை" என்றார். வேண்டாம் அண்ணை என்று சொல்லிவிட்டு வந்தேன். கைகாரர்தான், வேலை தெரிந்தவர்தான். ஆனால் வாகனத்தின் மூல பிளக்கை வெட்டுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. வெட்டின நாளிலிருந்து எந்த வயர் எதற்கு என்பது வெட்டினவரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கும்.

கொழும்பு போயிருக்கும் மச்சானிடம் பஞ்சிகாவத்தையில் ரொயோட்டா 10 முனை, 6 முனை பிளக்குகளுக்குள் வெட்டாமலே செருகக்கூடிய எதிர்ச்சோடி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

ஓகஸ்ட் 9, சனி

கழற்றியாயிற்று. முதலில் பற்றரியின் நெகற்றிவ். அதைக் கழற்றியதும் உள்ளே கை வைக்கக்கூடாது. எயார்பாக் சுற்றில் மின் மிச்சம் இருக்கும், 90 விநாடியாவது பொறுக்கச் சொல்லி ரொயோட்டாவே எழுதியிருக்கிறது. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். மஞ்சள் உறை போட்ட வயர்கள் எயார்பாக்குக்குரியவை, அவற்றைத் தொடவே வேண்டாம்.

சுற்றியிருக்கும் பிளாஸ்ரிக் சட்டம் கிளிப்புகளில்தான் நிற்கிறது. இரும்புத் திருப்புளியால் நெம்பினால் விளிம்பு காயப்படும், பிளாஸ்ரிக் தகடு பாவிக்க வேண்டும். சட்டம் வந்ததும் 10 மில்லிமீற்றர் போல்ற்றுகள் நான்கு. செற் முன்னால் வந்துவிடும்.

பின்னால் கண்டதுதான் மனதைக் கஷ்டப்படுத்தியது. எஃப்எம் பெட்டிக்கு மின் எடுப்பதற்காக யாரோ மூல வயரின் தோலைச் சீவி, வெறும் செம்பில் முறுக்கி, ரேப் சுற்றியிருக்கிறார்கள். வெயிலில் ரேப்பின் பசை உருகி வழுக்கி, செம்பு வெளியே தெரிகிறது. அது எப்போதும் மின் இருக்கும் வயர். காரின் இரும்புப் பொடியில் (உடலில்) பட்டிருந்தால் பியூஸ் போயிருக்கும். பியூஸையும் யாராவது பெரிதாக மாற்றியிருந்தால் வயரே எரிந்திருக்கும். சீவிய இடத்தைத் துடைத்து, ஈயப்பற்று வைத்து, துணி ரேப் சுற்றி மூடினேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

வயர்களைச் சோதித்தேன். ரொயோட்டாவில் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான்: நீலத்தில் மஞ்சள் கோடு எப்போதும் மின், சாம்பல் திறப்புப் போட்டால் மின், மண்ணிறம் ஏர்த். ஆனாலும் மீற்றர் வைத்துப் பார்க்காமல் ஒன்றையும் நம்பவில்லை. திறப்பு இல்லாமல் முதலாவதில் 12.5 வோல்ற், சாம்பலில் ஒன்றுமில்லை. திறப்பை ஏசிசிக்கு, அதாவது எஞ்சின் ஓடாமலே செற்றுக்கு மின் வரும் நிலைக்குத், திருப்பியதும் சாம்பலிலும் வந்தது. மண்ணிறம் பொடியோடு ஒன்றாக இருக்கிறது. பார்க் லைற்றைப் போட்டபோது மட்டும் உயிர் வந்த வயர் திரை வெளிச்சத்தைக் குறைப்பதற்கு.

புது செற்றில் மஞ்சள் நினைவுக்கு, சிவப்பு திறப்புக்கு, கறுப்பு ஏர்த்துக்கு. மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நிலையங்களை மறந்துவிடும். இரண்டையும் எப்போதும் மின் உள்ள வயரில் சேர்த்தால் செற் உறங்காது, பற்றரியைக் குடித்துவிடும்.

ஸ்பீக்கர் வயர்களில் இன்னொரு கவனம் வேண்டும். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று சோடி சோடியாக வரும், சோடியில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். அது ஏர்த் அல்ல. இந்தக் காலச் செற்றுகள் இரண்டு வயரிலும் ஒலி மின்னை அனுப்புகின்றன. மைனஸைப் பொடியில் சேர்த்தால் உள்ளே இருக்கும் அம்பிளிபையர் சில்லு பழுதாகக்கூடும்.

ஓகஸ்ட் 14, வியாழன்

மச்சான் பிளக்குகளோடு வந்தார். இரவு மேசையில் வைத்து எல்லாவற்றுக்கும் ஈயப்பற்று, மேலே சூட்டில் சுருங்கும் குழாய். வாகனத்தின் பக்கம் ஒரு வயரும் வெட்டவில்லை.

ஓகஸ்ட் 16, சனி

பூட்டினேன். ரொயோட்டாவின் வாய் 200 மில்லிமீற்றர் அகலம், மற்றவர்கள் செய்யும் இரட்டை டின் 180. இரண்டு பக்கமும் 10 மில்லிமீற்றர் இடைவெளிக்கு நிரப்புத் துண்டுகள் விற்கிறார்கள். பழைய செற்றின் பக்கத் தகடுகளை எடுத்துப் புதியதில் பூட்டினால் சரியாக உட்காரும்.

எஃப்எம் பெட்டியைக் கழற்றி, ஏரியலை நேராகக் கொடுத்தேன். சூரியன், சக்தி எஃப்எம் நிலையங்கள் எல்லாம் தங்கள் சொந்த எண்ணிலேயே வருகின்றன. அப்பா முன் இருக்கையில் இருந்து 936க்குத் தானே திருகினார். இருட்டிய பிறகு நன்றாகவே வந்தது. அதை முதல் பொத்தானில் பதிந்துவிட்டார்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

பாட்டுக் கேட்டால் பாஸ் வரவில்லை. செற் புதுசு, ஒலி சப்பை. இட-வல ஒலிச் சமநிலையை இடப் பக்கம் மட்டும் தள்ளினால் நல்ல பாஸ், நடுவுக்குக் கொண்டுவந்தால் மறைகிறது. இது ஸ்பீக்கர் ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டதற்கு அடையாளம்: ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும்.

கதவுத் தட்டியைக் கழற்றி, 1.5 வோல்ற் பற்றரியைக் கணநேரம் தொட்டுப் பார்த்தேன். பற்றரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். வலப்பக்க ஸ்பீக்கரை முன்பு மாற்றிய யாரோ வயர்களை மாற்றிச் செருகியிருக்கிறார்கள். இத்தனை காலமும் இந்தக் கார் பாதிப் பாட்டைத்தான் பாடியிருக்கிறது. மாற்றிச் செருகினேன். மிருதங்கத்தின் தொப்பி ஒலி கதவுக்குள்ளிருந்து வந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை.

ரிவேர்ஸ் கமரா இன்னும் பாக்கி. இந்தக் காலத்து ரொயோட்டாக் கமராக்கள் பலவற்றுக்கு 12 அல்ல, 6 வோல்ற்தான். அதைப் பழைய செற்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. நேராக 12 கொடுத்தால் கமரா செத்துவிடும். 6ஆகக் குறைக்கும் சின்னச் சுற்று ஒன்று வாங்க வேண்டும்.

ஓகஸ்ட் 23, சனி

நல்லூர்த் திருவிழா நேற்றுத் தீர்த்தத்தோடு முடிந்தது, ரவுணுக்குள் வாகனம் போகிறது. சுற்று கிடைத்தது, கமரா வேலை செய்கிறது.

ஒன்று பாக்கி இருந்தது. செற் மாறிய பிறகும் திறப்பைத் திருப்பினால் அந்த ஜப்பானியப் பெண் குரல் பேசுகிறது. ஈரிசி அட்டை செருகவில்லை என்று சொல்கிறாளாம். அது ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் கட்டணம் அறவிடும் கருவி, செற்றோடு சேராத தனிப் பெட்டி. டாஷ்போட்டுக்குக் கீழே தேடிப் பிடித்து, அதன் பிளக்கை மட்டும் இழுத்துவிட்டேன்.

கடைசியாக, எல்லாவற்றையும் நிறுத்திக் கதவைப் பூட்டி, பற்றரியிலிருந்து கசியும் மின்னை அளந்தேன். 50 மில்லி அம்பியருக்கு மேலே போனால் ஏதோ உறங்கவில்லை என்று அர்த்தம். எங்களுடையது அதற்கு நன்றாகக் கீழேதான் நிற்கிறது. வயர் நிறங்களை எழுதிய தாளை டாஷ்போட் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், பழைய செற் அலுமாரியில். பின் ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பு வெடித்திருக்கிறது. அவற்றைச் சம்பளம் வந்த பிறகு பார்க்க வேண்டும்.