மற்ற இரண்டு குழு என்ன செய்யும்?

ஈராசிரியர் பள்ளியில் 1, 2, 3 மூன்று வகுப்பும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் தலையில்தான். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என மூன்று குழுவாகப் பிரிக்கச் சொல்கிறது. பிரிப்பது ஒரு நாள் வேலை. அரும்போடு நாம் உட்காரும்போது மற்ற இரண்டு குழு என்ன செய்யும்? பாடத்திட்டம் எழுதும்போது முதலில் இதை எழுதுங்கள்.

40 நிமிடத்தில் முதல் 5 எல்லோருக்கும் பாட்டோ கதையோ. பிறகு குழுவுக்குப் பத்துப் பத்து நிமிடம். கடைசி 5 நோட்டுப் பார்க்க. தனியாக விடும் குழுவுக்குப் புதுப் பாடம் கூடாது, நேற்று நடத்தியதன் பயிற்சி மட்டும். புதிதாகக் கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் "மிஸ், புரியல" என்று மேசையைச் சுற்றி வரிசை நிற்கும். "முடிச்சிட்டேன் மிஸ்" வரிசை வேறு. அதற்கு விடை அட்டையை ஜன்னல் திண்டில் வைத்துவிடலாம். சரிபார்த்தவர் அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளட்டும்.

கழித்தலில் இதைப் பார்க்கலாம். 32இலிருந்து 15 போனால் 23 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை. 2இல் 5 போகாது, அதனால் 5இல் 2ஐக் கழித்துவிடுகிறது. பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது என்பது அதன் விதி. சிவப்பு மையால் சுழித்தால் அந்த விதி போகாது. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு 3 கட்டு, 2 உதிரி கொடுங்கள். ஐந்து குச்சி எடுக்க முடியாமல் பிள்ளையே ஒரு கட்டைப் பிரிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள் (இதுதான் நமக்குக் கஷ்டம்). இப்போது 12 உதிரி. ஐந்து போனால் 7. மிச்சமிருக்கும் இரண்டு கட்டில் ஒன்று போனால் 17. குச்சியில் செய்த அன்றே நோட்டிலும் எழுத வையுங்கள். தள்ளிப்போட்டால் குச்சி வேறு, கணக்கு வேறு என்று ஆகிவிடும்.

காது சரியாகக் கேட்காத பிள்ளையை முன்னால் உட்கார வைத்தால் மட்டும் போதாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் நம் முகம் இருட்டாகத் தெரியும், உதடு தெரியாது. பலகையில் எழுதிக்கொண்டே பேசினாலும் அதே கதைதான். பார்வை மங்கலான பிள்ளைக்குப் பலகையில் வெயில் பட்டுப் பளபளக்காத பக்கமாக இடம் கொடுங்கள்.

ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை எண்ணத் தெரிந்தும் வாய் திறக்காது. தன் மொழியில் எண்ணச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் குழுவை முடிவு செய்யுங்கள்.

தமிழில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் தனித்தனிப் பட்டியல் வேண்டும். வருடம் முழுக்க ஒரே மூலையில் உட்கார்ந்தால் "நான் அரும்பு மிஸ்" என்று பெயரைப் போலவே சொல்ல ஆரம்பித்துவிடும்.