நோட்டில் மட்டும் கட்டும் பந்தயம்

மே 12, 2025, திங்கள்

ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் திங்கட்கிழமை பெரும்பாலும் ஆட்டம் இருப்பதில்லை என்பதால், பந்தயக் கணக்கு நோட்டைத் தொடங்க இன்றே ஏற்ற நாள். சிபாவில் வசிக்கும் நான் ஒரு யென்கூடக் கட்டப்போவதில்லை. குதிரைப் பந்தயத்தையும் டோட்டோ எனப்படும் கால்பந்துப் பந்தயத்தையும் அனுமதிக்கும் இந்நாட்டுச் சட்டம் பேஸ்பால் பந்தயத்தை அனுமதிப்பதில்லை. வெளிநாட்டு இணையதளம் வழியாகக் கட்டினாலும் குற்றமே. 2015-இல் யோமியுரி ஜயன்ட்ஸ் அணியின் மூன்று பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) பேஸ்பால் பந்தயத்தில் சிக்கிக் காலவரையின்றித் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகவே, வெளியே அறிவிக்கப்படும் விகிதங்களை (வென்றால் கட்டிய பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண்களை) வைத்து நோட்டில் கணக்குப் போடுவதோடு சரி.

பயிற்சிக்கு ஒன்று: ஓர் அணிக்கு 1.75, எதிரணிக்கு 2.10. ஒன்றை இவற்றால் வகுத்தால் 57.1, 47.6 விழுக்காடு, கூட்டினால் 104.7. நூறுக்கு மேல் உள்ளது பந்தயம் நடத்துபவரின் வரும்படி. அதைக் கழித்துச் சரிசெய்தால் 54.5-க்கு 45.5.

மே 13, செவ்வாய்

விகிதத்தை ஏற்றி இறக்குவது முதலில் பந்தெறிய இறங்கும் பிட்சர்தான். இங்குள்ள இரண்டு லீகுகளில், பசிபிக் லீகில் 1994 முதலும் சென்ட்ரல் லீகில் 2012 முதலும் அவர் பெயர் எல்லா ஆட்டங்களுக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. இங்கே அவர் பெரும்பாலும் வாரம் ஒருமுறைதான் எறிகிறார் என்பதால், வெள்ளிக்கிழமைப் பிட்சருக்கு எதிரே அடிக்கடி மற்றொரு வெள்ளிக்கிழமைப் பிட்சர் நிற்கிறார். அணியின் மொத்த வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்து விகிதத்தை எடைபோட்டால் இது கண்ணில் படாது.

மே 15, வியாழன்

திங்களன்று போட்ட கணக்கில் ஓட்டை இருந்தது. அமெரிக்க ஆட்டம் முடிவு தெரியும்வரை நீளும். இங்கே 12 இன்னிங்ஸ் முடிந்தும் ரன்கள் சமமாக இருந்தால் ஆட்டம் சமன். பெருந்தொற்றுக் காலமான 2021-இல் கூடுதல் இன்னிங்ஸே இல்லாததால் சாஃப்ட்பேங்க் அணி மட்டும் 143 ஆட்டங்களில் 21-ஐச் சமன் செய்தது. வெற்றி விழுக்காட்டில் சமன் சேராது என்பதால், அதே ஆண்டு 73 வெற்றி பெற்ற யாகுல்ட், 77 வெற்றி பெற்ற ஹன்ஷினை முந்திச் சென்ட்ரல் லீக் பட்டம் வென்றது.

இரண்டு அணிகளுக்கு மட்டும் விகிதம் சொல்லும் பந்தயத்தில் சமன் ஆனால் வழக்கமாகக் கட்டிய பணம் திரும்பிவிடும், அந்த 54.5 என்பது சமன் ஆகாத ஆட்டங்களில் மட்டுமே வெல்லும் வாய்ப்பு. சமனுக்கும் தனி விகிதம் சொல்லும் பந்தயத்தில், சமன் ஆனால் அணியின் மீது கட்டியவர் பணத்தை இழப்பார். நூற்றுக்கு நான்கு ஆட்டம் சமன் ஆகும் என்று வைத்துக்கொண்டால் உண்மையான வாய்ப்பு 52.4-ஆக இறங்குகிறது, நியாயமான விகிதம் 1.83 அல்ல, 1.91. சிறிய வித்தியாசம்தான், ஆனால் பந்தயக்காரர் பிழைப்பதே அந்த அளவு வித்தியாசத்தில்தான்.

மே 18, ஞாயிறு

மொத்த ரன் பந்தயத்துக்கு மைதானம் முக்கியம். டோக்கியோ டோமில் ஹோம்ரன் (வேலியைத் தாண்டிப் பந்தை அடிப்பது) எளிது, நாகோயா டோமில் அரிது. எங்கள் கடலோரச் சோசோ மரீனில் காற்றைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பந்தே மாறிய கதையும் உண்டு. எல்லா அணிகளுக்கும் துள்ளல் குறைந்த ஒரே பந்து என்று 2011-இல் கொண்டுவந்ததும், முந்தைய ஆண்டு 1605-ஆக இருந்த ஹோம்ரன்கள் 939-ஆகச் சரிந்தன. 2013-இல் யாருக்கும் சொல்லாமல் பந்து துள்ளலாக்கப்பட்டது, விஷயம் வெளிவந்தபின் தொழில்முறை பேஸ்பால் ஆணையர் பதவி விலகினார். அவ்வாண்டு ஏப்ரலில் பழைய புள்ளிவிவரங்களை நம்பிக் கணக்கிட்டவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மே 19, திங்கள்

ஒரு வாரக் கணக்கு: நூறு யென் வீதம் 24 ஆட்டங்கள், 13 சரி, 10 தவறு, 1 சமன். சரியான பதின்மூன்றின் சராசரி விகிதம் 1.70. வரவு 910 யென், இழப்பு 1000 யென். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியும் நோட்டில் 90 யென் நட்டம். நாளைய பிட்சர்களின் பட்டியல் வந்துவிட்டது, இம்முறை 1.60-க்குக் கீழே உள்ளவற்றைத் தொடப்போவதில்லை.