பதினாறேகால் இஞ்ச்

சேலத்தில் ஆறு மாத ஃபிட்னஸ் டிரெய்னர் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது 41. காலையில் காந்தி ஸ்டேடியத்துக்கு ஓட வருகிறவர்களுக்கு அதுவரை ஓசியில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். முறையாகப் படித்துவிட்டே சொல்லலாமே என்றுதான் சேர்ந்தேன். தசை, எலும்பு, சாப்பாடு எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணி ஒப்பேற்றிவிட்டேன். ஒருவரை உடற்பயிற்சி செய்ய வைத்து அவர் உடல்தகுதியை அளக்கும் பாடத்தில்தான் மாட்டினேன்.

அதில் மையமான எண் வி.ஓ.2 மேக்ஸ். உச்ச உழைப்பில் உடம்பு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்தில் எத்தனை மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பது. அதை நேரடியாக அளக்க முகத்தில் மாஸ்க் மாட்டி, டிரெட்மில்லில் ஓடவிட்டு, விடும் மூச்சை அலசும் இயந்திரம் வேண்டும். எங்கள் வகுப்பில் இருந்தது ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு பி.பி. மெஷின். ஆகவே படியேறும் சோதனை. நியூயார்க்கில் உள்ள குயின்ஸ் கல்லூரியின் பெயரில் வழங்குவது. மூன்று நிமிடம் படி ஏறி இறங்க வேண்டும், முடிந்ததும் நாடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படியின் உயரம் 41.3 செ.மீ. வீட்டில் பழக ஒரு பெட்டி செய்யலாம் என்று அம்மாப்பேட்டை ஆசாரியிடம் போனேன். "பாயிண்ட் மூணா? சென்டிமீட்டர்ல சொன்னா நமக்குக் கை வராதுங்க, இஞ்ச்ல சொல்லுங்க" என்றார். போனில் கணக்குப் போட்டால் பதினாறேகால் இஞ்ச். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று காதில் இருந்த பென்சிலை எடுத்துவிட்டார். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. அந்தக் கல்லூரி விளையாட்டுக் கூடத்தின் கேலரிப் படி அந்த உயரம். கையில் கிடைத்த படியில் சோதனையை நடத்தியிருக்கிறார்கள். அந்தக் கேலரியை நான் அம்மாப்பேட்டையில் ஆணி அடித்துச் செய்துகொண்டேன்.

முதல் ஆள் என் மச்சான். வயது 34, தறிப்பட்டறை வைத்திருக்கிறான். சாயங்காலமானால் இரண்டு தட்டுவடை செட் இல்லாமல் வீடு திரும்ப மாட்டான். ஆண்களுக்கு நிமிடத்துக்கு 24 என்று புத்தகத்தில் இருந்தது. போனில் சீராக 'டிக்' அடிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 24-ல் வைத்தேன். ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒரு கால் எடுத்து வைத்தான். கோயில் படி ஏறுகிற நிதானம். நடுவில் ஒரு போன்காலையும் பேசி முடித்தான். நாடி 100. நாடியிலிருந்து வி.ஓ.2 மேக்ஸைக் கணக்கிட ஆண்களுக்கான சூத்திரம்: 111.33-லிருந்து நாடித்துடிப்பின் 0.42 மடங்கைக் கழிக்க வேண்டும். விடை 69.33.

நீண்ட தூர ஓட்டத்தில் பதக்கம் வாங்குகிறவர்களுக்கு வரும் எண் அது. நான் திகைத்து உட்கார்ந்திருக்க, அவன் என் அக்காளுக்கும் மாமியாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

மறுநாள் வகுப்பில் சொன்னபோது மாஸ்டர் சிரிக்கவில்லை. "24 தடவை ஏறி இறங்கணும். ஏற ரெண்டு, இறங்க ரெண்டு, ஒரு தடவைக்கு நாலு காலடி. அப்ப மெட்ரோனோம் எத்தனையில இருக்கணும்?" 96. பெண்களுக்கு 22 தடவை, அதாவது 88. நான் வைத்தது நாலில் ஒரு பங்கு வேகம்.

வேகத்தைத் திருத்திய பிறகும் என் விடைகள் ஆடிக்கொண்டே இருந்தன. கோளாறு என் விரலில். சோதனை முடிந்ததும் ஆளை நின்றபடியே வைத்து, ஐந்தாவது நொடியிலிருந்து இருபதாவது நொடி வரை எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். நான் மணிக்கட்டில் நாடியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பத்து நொடி போய்விடும். அதற்குள் இதயம் இறங்க ஆரம்பித்திருக்கும். 40 துடிப்பு எண்ண வேண்டிய இடத்தில் 36 எண்ணினால் 160 என்பது 144 ஆகிவிடும். 44 வர வேண்டியவருக்கு 50 சொச்சம் என்று எழுதிக் கொடுப்பேன். கட்டைவிரலை வைக்கக் கூடாது, அதற்கே சொந்தமாகத் துடிப்பு உண்டு. கழுத்தில் அழுத்திப் பிடித்தால் நாடியே குறையலாம். இரண்டு வாரம் வீட்டில் யார் கை கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி கையை உதறிவிட்டுப் போனதும் உண்டு.

ஸ்டேடியத்தில் தினமும் நடக்கும் ஒரு ஐயாவிடம் பழகிப் பார்க்கலாம் என்று கேட்டேன். நல்லவேளை, முதலில் கேள்வித்தாளை நீட்டினேன். நெஞ்சுவலி உண்டா, தலைசுற்றல் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா? "பிரஷருக்கு ஒண்ணு போடறேங்க" என்று சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். மெட்டோப்ரோலால். அது இதயத்துடிப்பையே அடக்கி வைக்கும் மருந்து. என் சூத்திரத்தில் போட்டால் அவர் இளவட்டம் ஆகியிருப்பார். டாக்டரைக் கேட்காமல் படி ஏற்றவும் கூடாது. பேசாமல் இருவரும் டீ குடித்தோம்.

இப்படிப்பட்டவர்களுக்கு சிரமத்தை வாயால் சொல்லும் போர்க் அளவுகோல் உதவும். சிரமமே இல்லை என்றால் 6, இதற்கு மேல் முடியாது என்றால் 20. நம் ஊரில் அதிலும் ஒரு சிக்கல். மூச்சு வாங்கி, வேர்த்து நிற்பவரிடம் கேட்டாலும் "பரவாயில்லீங்க" என்பார். பரவாயில்லைக்கு எத்தனை மார்க் போடுவது? பேசச் சொல்லி, வாக்கியம் எங்கே உடைகிறது என்று கவனிக்கப் பழகினேன்.

கூப்பர் சோதனை எனக்கே நடந்தது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் வெளியிட்டது: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஸ்டேடியத்தில் சரியாக ஐந்து சுற்று, 2,000 மீட்டர். தூரத்தில் 504.9 கழித்து 44.73-ஆல் வகுத்தால் வி.ஓ.2 மேக்ஸ் 33.4. அடுத்த மாதம் வகுப்பே ஏற்காடு போனது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிக்கரை ரோட்டில் அதே சோதனை. 1,880 மீட்டரில் நின்றுவிட்டேன். 30.7.

உயரம்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆக்சிஜனின் சதவீதம் அங்கேயும் அதே 21-தான், காற்றழுத்தம்தான் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. மாஸ்டர் ஒத்துக்கொண்டார், ஆனால் விடவில்லை. "ரோடு சமமா இருந்துச்சா? தூரத்தை எதுல அளந்தீங்க? வர்ற வழியில வாந்தி எடுத்தது யாரு?" மூன்றுக்கும் பதில் என்னிடம்தான் இருந்தது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது என்று நோட்டில் அடித்துவிட்டார்.

செய்முறைத் தேர்வில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. படி ஏறப்போகிறவரிடம் காலையில் காபி குடித்தாரா என்று கேட்டேன், அரை மணி முன்னால் குடித்ததாகச் சொன்னார், வேறு ஆளைக் கேட்டு வாங்கினேன். தேர்வாளர் அந்த இடத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பாஸ்.

போன மாதம் மச்சானைத் திரும்பப் பெட்டியில் ஏற்றினேன், இந்த முறை 96-ல். இரண்டாம் நிமிடத்தில் போனை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டான். முடிக்கும்போது நாடி 172, கணக்கு 39.

"இது தப்பு மாமா, உங்க போன்ல ஏதோ வேகமா ஓடுது" என்றான். பட்டறையில் இன்னும் 69 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.