நொவீனாவா, கிளாஸ்கோவா?

மே 3, 2025, சனி

அப்பாவும் அம்மாவும் காலையிலேயே ஓட்டுப் போடக் கிளம்பிவிட்டார்கள். எனக்கு ஓட்டுப் போடும் 21 வயது இன்னும் ஆகவில்லை, தாத்தாவுக்குத் துணையாக வீட்டில் இருக்கிறேன், அதனால் இதைத் தொடங்குகிறேன். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்கிறது. இரண்டும் 5 ஆண்டுப் படிப்பு, இரண்டுக்கும் எழுதியது மருத்துவச் சேர்க்கைக்கான அதே யூகேட் தேர்வுதான். ஒன்று இங்கே சிங்கப்பூரிலேயே, ஈசூனில் ரயில் ஏறினால் அதன் வளாகம் இருக்கும் நொவீனாவில் இறங்கிவிடலாம், இன்னொன்று ஸ்காட்லாந்து. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டு நான் என்ன நினைக்கிறேன் என்பதே எனக்குப் பிடிபடாமல் போய்விட்டது. எழுதிப் பார்க்கிறேன்.

மே 6, செவ்வாய்

முதலில் பணம். இங்கே அரசாங்க மானியம் போக ஆண்டுக்கு 30,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். அதுவே எங்களுக்குப் பெரிய தொகை, ஆனால் அப்பாவின் மசே நிதியிலிருந்து (மத்திய சேமநிதி) எடுத்துக் கட்டலாம், நான் சம்பாதித்துத் திருப்பிப் போடலாம். கிளாஸ்கோவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்டுக்கும் மேல், தங்குமிடம் சாப்பாடு விமானச் சீட்டு எல்லாம் தனி, அதற்கு மசே நிதியைத் தொட முடியாது. அப்பா கணக்குப் போட்ட தாளைப் பார்த்தபடியே, "நீ போகணும்னா சொல்லும்மா, வீட்டை வித்துட்டுச் சின்னதா ஒண்ணு பாத்துக்கலாம்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சொன்னால் செய்வார், அதுதான் எனக்குப் பயம்.

சித்தப்பாவுக்குக் கவலை வேறு. இங்கே படித்தால் முடித்தபின் 5 ஆண்டு அரசு மருத்துவமனைகளில் வேலை செய்தே ஆக வேண்டும், காலைக் கட்டிப்போட்ட மாதிரி என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் வேலை செய்ய விரும்புகிற இடமே அதுதானே. கிளாஸ்கோ பட்டம் இங்கே செல்லுமா என்றும் கேட்டார். செல்லும். 2020-ல் அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுப் பள்ளிகளை 160-லிருந்து 103 ஆகக் குறைத்தபோதும் கிளாஸ்கோ பட்டியலில் இருந்தது.

மே 10, சனி

ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) எனக்கு மூத்தவரான ஓர் அக்கா கிளாஸ்கோவில் நான்காம் ஆண்டு படிக்கிறார். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டேன், அங்கே பிற்பகல் மூன்று. குளிரைப் பற்றிக் கேட்டதற்கு, குளிரைச் சமாளித்துவிடலாம், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுவதுதான் ஆளை அழுத்தும் என்றார். உடற்கூறியல் அங்கே தானமாக வந்த உடல்களை அறுத்துப் படிப்பது. இங்கே பிளாஸ்டினேஷன் செய்து பதப்படுத்திய உடல்களில் படிப்பார்கள். எனக்கு முதலாவதுதான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.

அந்த ஊரின் மருத்துவ வரலாறும் என்னை இழுக்கிறது. லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் 1865-ல் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் ஒரு சிறுவனின் உடைந்த காலைச் சீழ் பிடிக்காமல் காப்பாற்றியது அங்கேதான். நோயாளியின் சுயநினைவை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஜிசிஎஸ் அளவுகோல் 1974-ல் அங்கே உருவானது, அந்த 'ஜி' கிளாஸ்கோவின் ஜி. தாத்தாவின் கட்டில் அட்டையில் தாதி '15', அதாவது முழு நினைவு, என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அக்கா சொன்ன வேறொன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2008 அறிக்கையில் இருக்கிறதாம், தேடிப் படித்தேன். கிளாஸ்கோவின் கால்ட்டன் பகுதியில் ஓர் ஆணின் சராசரி ஆயுள் அப்போது 54. அங்கிருந்து சில மைல் தள்ளியிருக்கும் லென்சியில் 82. அதே நாடு, காசு வாங்காத அதே மருத்துவச் சேவை, நடுவில் 28 ஆண்டுகள். அங்கே ஒரு மருத்துவர் வறுமையையும் சேர்த்துத்தான் படித்தாக வேண்டும். எனக்கு அதைப் படிக்க வேண்டும் என்று ஆசை ஆசையாக இருந்தது.

மே 12, திங்கள், விசாக தினம்

லீவு. தாத்தாவுக்குக் கட்டு மாற்றும் நாள். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை, இப்போது வலது குதிகாலில் ஒரு புண். சோப்பும் தண்ணீரும் வைத்து ஓரங்களைத் துடைத்து, காய்ந்திருக்கிறதா, நாற்றம் இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் புதுத் துணி. இடது காலில் இது செருப்பு வார் உரசிய சின்னப் புண்ணாகத்தான் ஆரம்பித்தது. சர்க்கரையால் உணர்ச்சி போயிருந்தது, வலிக்கவில்லை, வலிக்காததால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டு இரவுக் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பலதுறை மருந்தகத்துக்கு மருத்துவரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று கணக்கு. கால் கறுத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

இந்த நாட்டில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது 2016-ல். நம் ஆட்களிடம் அந்த நோய் அதிகம். நான் மருத்துவம் படிக்க நினைத்ததே இந்தக் கால்களுக்காகத்தான்.

துடைத்துக்கொண்டே தாத்தாவிடம் இரண்டு ஊரைப் பற்றியும் சொன்னேன். "அந்த ஊர்ல சர்க்கரைக்காரங்க இல்லையா?" என்று கேட்டார். "இருக்காங்க தாத்தா" என்றேன். "அப்ப அவங்களையும் பாரு" என்றார், அவ்வளவுதான்.

மே 16, வெள்ளி

தாத்தா சொன்னதையே நான்கு நாளாக யோசிக்கிறேன். கால்ட்டன்காரர் ஏன் சீக்கிரம் சாகிறார் என்று தெரிய, கால்ட்டனில் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அங்கே படிப்பவர்கள் ஐந்து ஆண்டும் அதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அப்படியென்றால் நான் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை எது? இரவு வேலை, கோப்பிக்கடையில் டின்பால் ஊற்றிய தே, பிள்ளைகளுக்குத் தொந்தரவு கூடாது என்று மறைத்த புண். அந்த ஆட்கள் டான் டோக் செங் மருத்துவமனையில் படுத்திருக்கிறார்கள், நொவீனா வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. கிளாஸ்கோவில் எனக்குப் பிடித்த அந்த விஷயமே என்னை இங்கே இருக்கச் சொல்கிறது. பணத்துக்காக மட்டும் இங்கே இருந்திருந்தால் பிற்பாடு அப்பா மேல் எங்கேயாவது வருத்தம் வந்திருக்கும். இப்போது வராது.

மே 20, செவ்வாய்

நன்யாங்குக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். கிளாஸ்கோவை மறுக்கும் பொத்தானை அழுத்தும்போது அழுகை வந்தது, அது உண்மையான இழப்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்காவிடம் சொன்னபோது, கடைசி ஆண்டில் வெளியூர் மருத்துவமனைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பிருக்கும், அப்போது வா என்றார்.

அப்பாவிடம் காரணத்தை முழுதாகச் சொன்னேன், பணத்தை மட்டும் நினைத்து முடிவெடுத்தேன் என்று அவர் எண்ணிவிடக் கூடாது. கேட்டுவிட்டு, "சரிம்மா, ஜூரோங் பக்கமும் வகுப்பு இருக்காமே, தினமும் இங்கிருந்து போய் வர முடியுமா?" என்றார். முடியாது. விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குள் அம்மா என் தடுப்பூசிச் சான்றுகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்.