எஸ்.டபிள்யூ.ஆர். தானாகக் குறைந்தால் சந்தேகப்படுங்கள்

சொந்தக் கையால் அன்டெனா கட்டும் அமெச்சூர் வானொலிக்காரர் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு: நிலை அலை விகிதத்தை (எஸ்.டபிள்யூ.ஆர்.) காட்டும் மீற்றரின் முள் ஒன்றரைக்குக் கீழே நின்றுவிட்டால், கூரைக்கு மேலே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைத்தான் அந்த முள் காட்டுகிறது. திரும்பி வராத சக்தி வானில் பரவியதா, போகும் வழியிலேயே வெப்பமாகிக் கரைந்ததா என்பது அதற்குத் தெரியாது. அன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் தடையொன்றை இணைத்தால் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்று அழகாக வரும். ஆனால் குரல் அடுத்த தெருவைத் தாண்டாது.

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்காற்று நேரே வந்து மோதும் அடுக்குமாடி ஒன்றின் மொட்டை மாடியில், 40 மீற்றர் அலைவரிசைக்காகத் தலைகீழ் ‘வி’ வடிவ இருமுனை அன்டெனா கட்டியிருக்கும் இளைய நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். “அண்ணை, முந்தி 2.3 காட்டினது, இப்ப தன்பாட்டில 1.2க்கு வந்திட்டுது. ஆனா கூப்பிட்டா ஒருத்தரும் பதில் தாறேல்லை” என்றார். யாரும் கை வைக்காமல் அன்டெனா தானாகத் திருந்துவதில்லை என்பதால், என் சந்தேகம் முதலில் வானொலிக் கருவியிலிருந்து அன்டெனாவுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் கோஅக்சியல் கம்பியின் மீதே விழுந்தது.

அதைச் சோதிப்பது எளிது. மேல்நுனியை அன்டெனாவிலிருந்து கழற்றித் திறந்தபடி விட்டுவிட்டு, கீழ்நுனியில் நானோ விஎன்ஏ என்ற சிறிய அளவுகருவியை இணைத்துத் திரும்பும் சக்தியின் இழப்பை அளக்க வேண்டும். திறந்த நுனி அனைத்தையும் திருப்பி அனுப்புவதால், அளவில் தெரியும் இழப்பு முழுவதும் கம்பி போகவும் வரவும் தின்றதாகும். அதில் பாதி ஒருவழி இழப்பு. 25 மீற்றர் நீளமுள்ள நல்ல ஆர்ஜி-58 கம்பியில், 7 மெகாஹேர்ட்ஸில் ஏறக்குறைய 2 டெசிபல் வரவேண்டிய இடத்தில் 16 வந்தது. அதாவது ஒருவழி இழப்பு 8 டெசிபல். 100 வாட் அனுப்பினால் 16 வாட் மட்டுமே மேலே போய்ச் சேரும். இன்னும் வேடிக்கை என்னவென்றால், அன்டெனாவே இல்லாத அந்த நிலையிலும் சாதாரண மீற்றர் 1.4 என்றே காட்டியிருக்கும். பிறரின் குரல் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்த அலைவரிசையில் வானிலிருந்தும் நகரத்திலிருந்தும் வரும் இரைச்சல் மிகுதி என்பதால், கம்பியின் இழப்பு குரலையும் இரைச்சலையும் ஒன்றாகவே குறைக்கிறது, காதுக்கு வேறுபாடு எளிதில் தெரிவதில்லை.

மேல்நுனியின் கறுப்பு உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தபோது, செம்புப் பின்னல் கறுத்து, இடையிடையே பச்சை பூத்திருந்தது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் இந்தப் பின்னல் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. சாதாரண மின்நாடா சுற்றிய இணைப்புக்குள் மழையும் உப்பும் நுழைந்தால், அவை பல மீற்றர் கீழே வரை இறங்கிவிடும். நுனியில் ஓர் அடியை வெட்டி எறிந்து மிச்சத்தைக் காப்பாற்றும் சிக்கனத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. முழுக் கம்பியையும் மாற்றுவதே நல்லது. புதிய இணைப்பைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி மூடினோம். நடு இணைப்பைப் பிவிசி குழாய் மூடி ஒன்றுக்குள் வைத்து, உள்ளே வியர்க்கும் நீர் வடிய அடியில் சிறு துளை விட்டோம். கம்பி கீழ்நோக்கி வளைந்து பின் மேலேறி இணைப்பை அடைய வேண்டும்; அப்போதுதான் ஓடிவரும் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

புதுக் கம்பி போட்டதும் மீற்றர் மீண்டும் 2.3க்கு ஏறியது. நண்பரின் முகம் வாடியது. எனக்கோ நிம்மதி, ஏனெனில் இப்போதுதான் அன்டெனாவின் உண்மையான குறை கண்ணுக்குத் தெரிந்தது. 143ஐ மெகாஹேர்ட்ஸிலுள்ள அதிர்வெண்ணால் வகுத்து, 7.1க்கு மொத்தம் 20.14 மீற்றர் என்று கணக்கிட்டுக் கட்டியிருந்தார். அன்டெனாக் கம்பியின் பிளாஸ்டிக் உறையும், கம்பிகள் பதித்த கொங்கிரீட் தளம் மிக அருகில் இருப்பதும் சேர்ந்து ஒத்திசைவை, அதாவது அன்டெனா இயல்பாக ஒத்து இயங்கும் அதிர்வெண்ணை, 6.9க்கு இறக்கியிருந்தன. நீளமும் அதிர்வெண்ணும் எதிர்விகிதத்தில் இருப்பதால், அன்டெனாவின் இரு பக்கக் கம்பிகள் ஒவ்வொன்றிலும் 28 சென்றிமீற்றர் குறைத்தால் போதும். வெட்டாமல் நுனியை மடித்துத் தன்மேலேயே சுற்றிக் கட்டினோம், தேவைப்பட்டால் அவிழ்த்துக்கொள்ளலாம். நுனிகளில் மின்னழுத்தம் மிகுதி என்பதால், துணி காயப்போட வருவோரின் கைக்கு எட்டாத உயரத்தில் அவை இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மிஞ்சியிருப்பது இரைச்சல். எல்இடி விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் எழுப்பும் குழப்பம் கோஅக்சியல் கம்பிப் பின்னலின் வெளிப்புறம் வழியாக அன்டெனாவுக்கு ஏறுகிறது. இணைப்பின் அடியில் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் கம்பியைச் சுற்றி ஒரு தடுப்பு வைத்தால் இது குறையும். இந்த அலைவரிசைக்கு ஃபெரைட்டில் 31ஆம் வகைக் கலவை பொருத்தமானது. பழைய கருவிகளிலிருந்து கழற்றிய வளையங்களில் கலவை எழுதியிருப்பதில்லை என்பதால், அவற்றில் சில சுற்றுகள் சுற்றி விஎன்ஏயில் தடுப்பாற்றலைப் பார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். ஐப்பசி இடி தொடங்குமுன் அதையும் முடிக்க எண்ணியிருக்கிறோம். தொடங்கிவிட்டால் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருப்போம்.