மலைக்கோட்டையைக் கேட்டவர்கள்

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே திரும்பினால் காவிரியும் அதற்கப்பால் திருவரங்கத்துக் கோபுரங்களும் தெரியும். 1752 ஜூன் மாதம் அந்தத் தீவில் முற்றுகைக்குள் சிக்கிய, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், உயிருக்கு உறுதி பெற்றுக்கொண்டு தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்தார். சில நாட்களிலேயே அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாவுதான் நினைவுக்கு வருகிறது.

1707இல் ஔரங்கசீப் இறந்தபின் டில்லியின் பிடி தளர, தக்காணத்தின் முகலாய ஆளுநர் நிஜாம்-உல்-முல்க் அதைத் தம் தனியாட்சியாக்கிக்கொண்டார். 1748இல் அவரும் மறைந்ததும் ஐதராபாத்தில் மகன் நாசிர் ஜங்குக்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்குக்கும் போட்டி எழுந்தது. ஆற்காட்டில் நவாப் அன்வருதீனைச் சந்தா சாகிப் எதிர்த்தார். அன்வருதீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட, அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடிவந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே சந்தா சாகிப்பையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் முகமது அலியையும் ஆதரித்தனர். ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் 1748இலேயே சமாதானம் செய்துகொண்டிருந்தன என்பதை நாம் மறக்கக் கூடாது. இங்கே நவாபுகளின் பெயரால் அவர்கள் போரைத் தொடர்ந்தார்கள்.

கிளைவின் ஆற்காட்டு முற்றுகையைப் பாடப்புத்தகங்கள் வேண்டிய அளவு சொல்லிவிட்டன. அவை அதிகம் பேசாத மைசூரின் கதைதான் என்னை உறுத்துகிறது. உதவிக்கு வந்தால் திருச்சியையே தருவதாக முகமது அலி வாக்களித்ததை நம்பி, மைசூர் அமைச்சர் நஞ்சராசர் பெரும்பொருள் செலவழித்துப் படையோடு வந்தார். சந்தா சாகிப் ஒழிந்தபின் கோட்டை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. வெகுண்ட மைசூரார் பிரெஞ்சுக்காரர்களுடன் சேர்ந்து அதே கோட்டையை முற்றுகையிட்டார்கள். காவிரிக்கரை மக்களின் வயல்கள் இருமுறையும் படைகளின் காலடியில் கிடந்தன.

வென்ற முகமது அலியின் நிலையும் மேலானதாக இல்லை. கும்பினிப் படைக்கான செலவெல்லாம் அவர் பெயரில் கடனாக ஏறியது; கும்பினி அதிகாரிகளே தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குக் கொடுத்து, சீமைகளின் வரியை ஈடாக எழுதி வாங்கினார்கள். பீரங்கியைவிட இந்தக் கடன் பத்திரங்களே தமிழ் நிலத்தை ஆழமாகப் பிடித்தன என்று நான் கருதுகிறேன். 1755இல் கும்பினிக் கர்னல் ஹெரானின் படை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்குள் நுழைந்ததும் நவாபுக்கு வரவேண்டிய வரியை வசூலிப்பதற்காகத்தான். நவாபுடன் செய்துகொண்ட 1792 உடன்படிக்கை, பாளையக்காரர்களிடம் கிஸ்தி வாங்கும் உரிமையைக் கும்பினியிடமே ஒப்படைத்தது. அந்தக் கிஸ்தித் தகராறு முற்றிக் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது ஆண்டு 1799. ஆம்பூரில் அன்வருதீன் விழுந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.